கருணை மனு: கையெழுத்து குடியரசுத் தலைவருடையது, முடிவு யாருடையது?

“கருணை மனுவைக் குடியரசுத் தலைவர் நிராகரித்தார்” என்று செய்தி வந்தவுடன் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். ‘அவருக்கு மனம் இரங்கவில்லையே’ என்பது ஒன்று. ‘உச்ச நீதிமன்றமே முடித்த வழக்கில் நடுவில் இவர் யார்?’ என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே எண்ணம்தான்: மனு நேராக ராஷ்டிரபதி பவனுக்குப் போகிறது, அங்கே ஒருவர் அதைப் படித்துத் தன் மனச்சாட்சிப்படி கையெழுத்துப் போடுகிறார்.

நடப்பது அப்படியல்ல. அந்த மனு பெரும்பாலான காலம் உறங்குவது உள்துறை அமைச்சகத்தின் கோப்பில். கருணை காட்டலாமா கூடாதா என்பதற்கு விதிகளும் தீர்ப்புகளும் ஓரளவு இருக்கின்றன. எவ்வளவு நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதில்தான் அரசியலமைப்புச் சட்டம் வாய் திறக்கவில்லை. கடந்த 40 ஆண்டுகளில் தூக்கிலிருந்து தப்பியவர்களில் பலர் உயிரோடு இருக்கக் காரணம் அந்த மௌனம்தான். யாருடைய இரக்கமும் அல்ல.

நீதிமன்றம் முடித்த பிறகு இன்னொரு கதவு எதற்கு?

மன்னர் காலத்து உரிமை இது. பிரிட்டிஷ் முடியாட்சியில் அரசருக்கு இருந்த மன்னிக்கும் உரிமை, குடியரசான பிறகு அரசியலமைப்புச் சட்டத்தின் 72-வது பிரிவாகக் குடியரசுத் தலைவரிடமும், 161-வது பிரிவாக ஆளுநரிடமும் வந்து சேர்ந்தது. ஆனால் இன்று அதற்குச் சொல்லப்படும் நியாயம் வேறு. நீதிபதிகளும் மனிதர்கள், தவறலாம். வழக்கு ஆவணத்துக்குள் வராத உண்மைகள் இருக்கலாம். தண்டனை விதித்த நாளில் இருந்த மனிதனும் 15 ஆண்டு கழித்துச் சிறையில் இருக்கும் மனிதனும் ஒருவரல்ல என்றும் ஆகலாம்.

இந்திரா காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட கேஹர் சிங்கின் மனு தொடர்பான தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. குடியரசுத் தலைவர் வழக்கின் சாட்சியங்களைத் தானே மறுபடி அலசி, நீதிமன்றம் வந்த முடிவிலிருந்து வேறுபடலாம். அப்படிச் செய்வதால் தீர்ப்பு திருத்தப்பட்டதாகாது. அது ஏட்டில் அப்படியே நிற்கும். தண்டனையின் விளைவு மட்டுமே மாறும். அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: மனுதாரரை நேரில் அழைத்து வாதம் கேட்க வேண்டிய கட்டாயம் கிடையாது. அந்த வழக்கில் மனுதாரர் கேட்டிருந்தது அதைத்தான். மனு ஏற்கப்படவில்லை, 1989 ஜனவரி 6 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

கருணை என்பது ஒன்றல்ல, ஐந்து

செய்திகளில் எல்லாவற்றையும் ‘மன்னிப்பு’ என்றே எழுதிவிடுகிறோம். சட்டம் ஐந்தாகப் பிரிக்கிறது.

1. முழு மன்னிப்பு: தண்டனையோடு குற்றத் தீர்ப்பின் விளைவுகளும் நீங்கிவிடும்.
2. தண்டனையை மாற்றுதல்: கடுமையான தண்டனைக்குப் பதில் வேறு வகையான, இலகுவான தண்டனை. தூக்கு ஆயுளாவது இந்த வகை. ‘கருணை காட்டப்பட்டது’ என்று நாம் படிக்கும் செய்திகளில் பெரும்பாலானவை இதுதான்.
3. தண்டனைக் குறைப்பு: வகை மாறாது, காலம் மட்டும் குறையும். 10 ஆண்டுக் கடுங்காவல் 6 ஆண்டாவது போல.
4. சூழ்நிலை கருதிய சலுகை: கர்ப்பம், உடல் ஊனம் போன்ற தனிக் காரணத்துக்காகக் குறைந்த தண்டனை.
5. தற்காலிக நிறுத்தம்: மனு நிலுவையில் இருக்கும் வரை தூக்கை நிறுத்திவைப்பது.

முழு மன்னிப்பு மிக அரிது. சுதந்திர இந்தியாவில் அதிகம் பேசப்பட்ட உதாரணம் கடற்படை அதிகாரி நானாவதியுடையது. மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றிருந்த அவரை 1964-இல் மகாராஷ்டிர ஆளுநர் விஜயலட்சுமி பண்டிட் மன்னித்தார். அதற்கு முன்பே 1960-இல் வேறொரு ஆளுநர் அவருடைய தண்டனையை நிறுத்திவைத்து, மேல்முறையீடு நடக்கும் காலத்துக்கு அந்த உத்தரவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன கதையும் உண்டு. செல்வாக்கு உள்ளவருக்குக் கருணை எவ்வளவு வேகமாக நடக்கும் என்று பார்க்க விரும்புவோர் அந்த வழக்கைத் தேடிப் படிக்கலாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ‘ஆயுள் என்றால் 14 வருஷம்’ என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சட்டப்படி ஆயுள் தண்டனை என்பது ஆயுள் முடியும் வரை. 14 ஆண்டு என்பது, மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றங்களில் ஆயுள் பெற்றவரையும் தூக்கிலிருந்து ஆயுளுக்கு மாற்றப்பட்டவரையும் அரசு சாதாரணச் சட்டத்தின்படி முன்விடுதலை செய்வதற்கு முன் அவர் சிறையில் கழித்தாக வேண்டிய குறைந்தபட்சக் காலம். 72, 161-வது பிரிவுகளின் கீழ் வரும் அதிகாரத்தை இந்த 14 ஆண்டு வரம்பு கட்டுப்படுத்தாது.

ஆளுநரிடமா, குடியரசுத் தலைவரிடமா?

குடியரசுத் தலைவரின் அதிகாரம் மூன்று இடங்களில் செல்லும்: ராணுவ நீதிமன்றம் விதித்த தண்டனை, மத்திய அரசின் நிர்வாக வரம்புக்குள் வரும் சட்டங்களின் கீழான குற்றங்கள், எல்லா மரண தண்டனைகளும். ஆளுநரின் அதிகாரம் மாநிலத்தின் நிர்வாக வரம்புக்குள் வரும் சட்டங்களுக்கு. ராணுவ நீதிமன்றத் தண்டனையில் ஆளுநர் தலையிட முடியாது. தூக்கை ஆயுளாகக் குறைப்பது இருவராலும் முடியும்.

ஆகவே தூக்குக் கைதிக்கு இரண்டு வாய்ப்பு. முதலில் ஆளுநர், அவர் மறுத்தால் குடியரசுத் தலைவர். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற நால்வரில் ஒருவரான நளினிக்குத் தூக்கு ஆயுளானது முதல் வாய்ப்பில்தான். அதில் ஒரு திருப்பம் உண்டு. ஆளுநர் பாத்திமா பீவி 1999 அக்டோபரில் நால்வரின் மனுக்களையும் நிராகரித்தார். அமைச்சரவையின் ஆலோசனையைப் பெறாமல் ஆளுநர் தானாக முடிவெடுக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அந்த உத்தரவை ரத்து செய்தது. மனுக்கள் மறுபடி அமைச்சரவைக்குப் போயின. கருணாநிதி தலைமையிலான அமைச்சரவை நளினிக்கு மட்டும் குறைக்கப் பரிந்துரைத்தது. 2000 ஏப்ரலில் ஆளுநர் அப்படியே கையெழுத்திட்டார். பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவரின் மனுக்கள் டெல்லிக்குப் பயணப்பட்டன.

மனு போகும் பாதை

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 472-வது பிரிவு, தூக்குக் கைதிகளின் கருணை மனுவுக்கு முதல்முறையாக நாடாளுமன்றச் சட்டத்திலேயே வழிமுறை வகுத்திருக்கிறது. அதுவரை சிறை விதிகளிலும் அமைச்சகச் சுற்றறிக்கைகளிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் சிதறிக் கிடந்தவை இவை.

1. உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடோ சீராய்வு மனுவோ தள்ளுபடியானதைச் சிறைக் கண்காணிப்பாளர் கைதிக்குத் தெரிவிக்க வேண்டும். அன்றிலிருந்து 30 நாள். அதற்குள் ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ மனு போட வேண்டும்.

2. மனு போடக்கூடியவர்கள்: கைதி, அவருடைய சட்டப்படியான வாரிசு, அல்லது உறவினர்.

3. முதலில் ஆளுநரிடம் கொடுத்து அவர் மறுத்தால், அந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் குடியரசுத் தலைவரிடம் போக வேண்டும்.

4. ஒரே வழக்கில் பலருக்குத் தூக்கு என்றால், எல்லோரும் 60 நாளுக்குள் மனு தர வேண்டும். யாராவது தராவிட்டால் அவர்களுடைய விவரங்களையும் வழக்கு ஆவணங்களையும் சிறை அதிகாரியே சேர்த்து அனுப்பிவிட வேண்டும். எல்லா மனுக்கள் மீதும் குடியரசுத் தலைவர் ஒன்றாக முடிவெடுப்பார்.

5. மத்திய அரசு, மாநில அரசின் கருத்தைக் கேட்கும். அந்தக் கருத்தும் சிறையிலிருந்து ஆவணங்களும் வந்த 60 நாளுக்குள் தன் பரிந்துரையைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்ப வேண்டும்.

6. குடியரசுத் தலைவர் முடிவெடுத்ததும் 48 மணி நேரத்துக்குள் மாநில உள்துறைக்கும் சிறைக்கும் தகவல் போக வேண்டும்.

நான்காவது விதி எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமல்ல. டெல்லி நிர்பயா வழக்கில் நால்வருக்குத் தூக்கு. ஒரே தீர்ப்பில் தண்டனை பெற்றவர்களை ஒன்றாகத்தான் தூக்கிலிட வேண்டும் என்பது சிறை விதி. ஆகவே நால்வரும் ஒருவர் பின் ஒருவராக மனு போட்டார்கள். முதல் மனு 2020 ஜனவரி 17 அன்று நிராகரிக்கப்பட்டது. கடைசி மனு மார்ச் 4 அன்று. இடையில் ஜனவரி 22, பிப்ரவரி 1, மார்ச் 3 என்று குறிக்கப்பட்ட மூன்று தேதிகள் தள்ளிப்போயின. மார்ச் 20 அதிகாலையில்தான் தண்டனை நிறைவேறியது. அந்த இரண்டு மாதத்தில் தொலைக்காட்சி விவாதங்களில் எழுந்த கோபம் அப்படியே சட்டப் பிரிவாகிவிட்டது.

இரண்டாவது விதியையும் கவனிக்க வேண்டும். பஞ்சாப் முதல்வர் பியாந்த் சிங் 1995-இல் கொல்லப்பட்ட வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற பல்வந்த் சிங் ராஜோனாவுக்காக 2012-இல் மனு கொடுத்தது அவரல்ல. சீக்கியக் குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி. புதிய சட்டத்தின் வாசகப்படி ஓர் அமைப்புக்கு அந்த இடம் இல்லை. குடும்பம் கைவிட்ட கைதிக்கு, மனநிலை சரியில்லாமல் தானே மனு போட முடியாதவருக்கு, யார் எழுதுவார்கள்? தூக்குக் கைதிகளில் பெரும்பாலோர் வழக்கறிஞரை வைத்துக்கொள்ள வசதியற்றவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் 30 நாள் கெடுவும் இந்தக் கட்டுப்பாடும் சேர்ந்து எங்கே கொண்டுபோய் விடும் என்பது புரியும்.

கோப்பில் என்ன பார்க்கிறார்கள்?

உள்துறை அமைச்சகம் பின்பற்றும் அளவுகோல்கள் நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே வெளியே தெரிந்தவை. கைதியின் வயது, பாலினம், மனவளர்ச்சி. ஆத்திரமூட்டப்பட்டுச் செய்தாரா என்பது. சாட்சியத்தின் நம்பகத்தன்மையில் மேல்முறையீட்டு நீதிமன்றமே ஐயம் தெரிவித்திருக்கிறதா. புதிய சாட்சியம் கிடைக்குமா. கீழ் நீதிமன்றம் விடுவித்தவரை மேல் நீதிமன்றம் தண்டித்ததா, அல்லது தண்டனையைக் கூட்டியதா. நீதிபதிகளிடையே கருத்து வேறுபாடு இருந்ததா. கூட்டாகச் செய்த கொலையில் யார் பங்கு எவ்வளவு. விசாரணையிலும் வழக்கிலும் நெடுங்காலத் தாமதம் உண்டா.

பட்டியலாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் எப்படி என்பதற்குப் பாலாறு கண்ணிவெடி வழக்கைப் பார்க்கலாம். 1993-இல் 22 பேரைப் பலிவாங்கிய அந்த வழக்கில் வீரப்பன் கூட்டாளிகள் நால்வருக்கு மைசூரு தடா நீதிமன்றம் விதித்தது ஆயுள் தண்டனை. உச்ச நீதிமன்றம் 2004-இல் அதைத் தூக்காக உயர்த்தியது. ‘மேல் நீதிமன்றம் தண்டனையைக் கூட்டியதா?’ என்ற அளவுகோல் அச்சாகப் பொருந்தும் வழக்கு. ஆனாலும் மனு 9 ஆண்டு காத்திருந்து 2013 பிப்ரவரியில் நிராகரிக்கப்பட்டது. அளவுகோல்கள் அமைச்சகத்தைக் கட்டுப்படுத்தாதவை. ஏன் நிராகரித்தோம் என்று காரணம் எழுதிக் கைதிக்குக் கொடுக்கும் வழக்கமும் இல்லை.

கையெழுத்துக்கு முன் நடப்பது

1980-ஆம் ஆண்டின் மாரு ராம் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: கருணை அதிகாரத்திலும் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். நடைமுறையில் அது உள்துறை அமைச்சரின் பரிந்துரை. பரிந்துரை பிடிக்கவில்லை என்றால் 74-வது பிரிவின்படி ஒருமுறை திருப்பி அனுப்பலாம். மறுபடி அதே பரிந்துரை வந்தால் ஏற்றாக வேண்டும்.

ஏட்டில் அவ்வளவுதான். ஏட்டில் இல்லாத மூன்றாவது வழியும் உண்டு: எதுவும் செய்யாமல் இருப்பது. அப்துல் கலாம் தன் 5 ஆண்டுக் காலத்தில் முடிவெடுத்தவை இரண்டே மனுக்கள். ஒன்றில் கருணை, மற்றொன்றில், கொல்கத்தாவில் 2004 ஆகஸ்ட் 14 அன்று தூக்கிலிடப்பட்ட தனஞ்சய் சாட்டர்ஜியின் மனுவில், நிராகரிப்பு. மற்றவை அப்படியே இருந்தன. பிரதிபா பாட்டீல் 30-க்கும் மேற்பட்டோருக்குத் தூக்கை ஆயுளாக்கினார். பிரணாப் முகர்ஜி வந்ததும் நிராகரிப்புகள் வரிசையாக வந்தன. ஆனால் அவரே 2017 புத்தாண்டு சமயத்தில் பீகாரின் பாரா படுகொலை வழக்கில் நால்வரின் தண்டனையைக் குறைத்தார். உள்துறை அமைச்சகம் நிராகரிக்கச் சொல்லியிருந்தும் அவர் அப்படிச் செய்ததாக அப்போது செய்திகள் வெளியாயின. ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர் என்ற விதி ஒரே விதிதான். ராஷ்டிரபதி பவனில் இருப்பவர் மாறும்போது கருணையின் அளவும் மாறுவதைப் பார்த்தால், காத்திருப்பதும் திருப்பிக் கேட்பதும் எவ்வளவு பெரிய அதிகாரம் என்று தெரியும்.

கோப்பைக் கவனமாகப் படித்துத்தான் எல்லாம் நடக்கிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2012-இல் தண்டனை குறைக்கப்பட்டவர்களில் கர்நாடகச் சிறையில் இருந்த ஒருவரும் உண்டு. அவர் 2007-ஆம் ஆண்டே சிறையில் இறந்துவிட்டிருந்தார்.

தாமதமே தண்டனையாகும்போது

தூக்குமேடையின் நிழலில் ஒருவனை எத்தனை ஆண்டு உட்கார வைக்கலாம்? இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றத்தில் முதலில் ஆழமாகக் கிளப்பியது ஒரு தமிழ்நாட்டு வழக்கு. 1983-இல் வைத்தீஸ்வரன் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாமதமானால் கைதி தண்டனைக் குறைப்புக் கோரலாம் என்றார். அடுத்த மாதமே வேறொரு அமர்வு அப்படிக் கணக்கு வைக்க முடியாது என்றது. பின்னர் திரிவேணிபென் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆண்டுக் கணக்கு கிடையாது, ஆனால் கருணை மனு மீதான நியாயமற்ற தாமதத்தை நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம் என்று முடித்தது.

அந்த விதையிலிருந்து வந்ததுதான் 2014 ஜனவரி 21-ஆம் தேதியின் சத்ருகன் சௌகான் தீர்ப்பு. ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான அமர்வு, 15 பேரின் தூக்கை ஒரே தீர்ப்பில் ஆயுளாக்கியது. மேலே சொன்ன பாலாறு வழக்கின் நால்வரும் அதில் அடக்கம். அரசு காரணமில்லாமல் இழுத்தடிப்பது வாழ்வுரிமையைத் தரும் 21-வது பிரிவுக்கு எதிரான சித்திரவதை என்பது அதன் சாரம். தாமதத்தோடு மனநோய், தனிமைச் சிறை, நடைமுறைத் தவறு ஆகியவையும் தூக்கைக் குறைக்கக் காரணமாகலாம் என்றது. பயங்கரவாத வழக்கு என்பதற்காக வேறு அளவுகோல் கூடாது என்றும் சொன்னது.

அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரி 9 அன்று, இந்திய நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் தண்டனை பெற்ற அப்சல் குரு டெல்லி திகார் சிறையில் தூக்கிலிடப்பட்டார். மனு நிராகரிக்கப்பட்ட செய்தியைச் சொல்லும் கடிதம் அவருடைய குடும்பத்தின் கைக்குப் போனது தூக்கு முடிந்த பிறகு. அப்படி இனி நடக்கக் கூடாது என்றுதான், நிராகரிப்பைக் கைதிக்கும் குடும்பத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தெரிவித்த பிறகு தூக்குக்குக் குறைந்தது 14 நாள் இடைவெளி வேண்டும், கடைசியாக உறவினரைச் சந்திக்க விட வேண்டும், ஒவ்வொரு கட்டத்திலும் இலவசச் சட்ட உதவி உண்டு என்ற விதிகளை அந்தத் தீர்ப்பு வகுத்தது.

தாமதம் ராஷ்டிரபதி பவனோடு முடிவதும் இல்லை. 2007-இல் புனேயில் கால் சென்டர் ஊழியை ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் குடியரசுத் தலைவர் 2017-இலேயே மனுவை நிராகரித்துவிட்டார். தூக்குக்குத் தேதி குறிக்கும் ஆணை வந்தது 2019-இல். இடைப்பட்ட காலத்தில் காகிதம் அலுவலகத்துக்கு அலுவலகம் அலைந்தது. மும்பை உயர் நீதிமன்றம் தூக்கை ரத்து செய்து 35 ஆண்டுச் சிறையாக மாற்றியது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்து, கருணை மனுக்களைக் கவனிக்க மாநில உள்துறைகளில் தனிப் பிரிவு வேண்டும் என்று உத்தரவிட்டது. கொல்லப்பட்ட பெண்ணின் குடும்பத்தின் பக்கம் நின்று பார்த்தால், அரசின் சோம்பலுக்குக் கிடைத்த பலனைக் குற்றவாளிகள் அனுபவிக்கிறார்கள். இந்தத் தாமதச் சட்டத்தின் ஆறாத புண் அது.

ராஜீவ் வழக்கு: ஒரே வழக்கில் எல்லாக் கதவும்

கருணை மனுவின் எல்லாப் பிரச்சினைகளும் ஒரே இடத்தில் கூடிய வழக்கு என்றால் இதுதான்.

2000 ஏப்ரலில் டெல்லிக்குப் போன மூவரின் மனுக்கள் 2011 ஆகஸ்டில்தான் நிராகரிக்கப்பட்டன. அந்த 11 ஆண்டில், உள்துறை அமைச்சகத்தின் கையில் மட்டும் 5 ஆண்டுகளுக்கு மேல். செப்டம்பர் 9 என்று தேதி குறித்த பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. தண்டனையைக் குறைக்கக் கோரி சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2014 பிப்ரவரி 18 அன்று, சத்ருகன் சௌகான் தீர்ப்பின் வழியில், மூவரின் தூக்கையும் உச்ச நீதிமன்றம் ஆயுளாக்கியது.

மறுநாளே, நளினி, இந்த மூவர், அதே வழக்கில் ஏற்கெனவே ஆயுள் பெற்றிருந்த வேறு மூவர் என ஏழு பேரையும் விடுவிப்போம் என்று அறிவித்தது ஜெயலலிதா அரசு. அங்கே தொடங்கியது இரண்டாவது சிக்கல். சிபிஐ விசாரித்த வழக்கில் மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் மாநிலம் சாதாரணச் சட்டத்தின்படி முன்விடுதலை செய்ய முடியாது என்று 2015 டிசம்பரில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. எனவே தமிழ்நாடு வழியை மாற்றியது. 2018 செப்டம்பர் 9 அன்று எடப்பாடி பழனிசாமி அமைச்சரவை, 161-வது பிரிவின் கீழ் ஏழு பேரையும் விடுவிக்க ஆளுநருக்குப் பரிந்துரைத்தது.

ஆளுநர் பன்வாரிலால் புரோகித் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. இரண்டே கால் ஆண்டுக்கு மேல் கழித்து, 2021 ஜனவரியில், கோப்பைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். கட்சி பேதமின்றித் தமிழ்நாடு கேட்ட ஒன்று, ஒரு கையெழுத்தில்லாமல் நின்றது.

2022 மே 18 அன்று நீதிபதி நாகேஸ்வர ராவ் தலைமையிலான அமர்வு இதற்குச் சொன்ன பதில், பேரறிவாளனைத் தாண்டியும் செல்லும்:

1. 161-வது பிரிவின் கீழ் அமைச்சரவையின் ஆலோசனை ஆளுநரைக் கட்டுப்படுத்தும்.
2. அதை அவர் குடியரசுத் தலைவருக்குத் தள்ளிவிட அரசியலமைப்புச் சட்டத்தில் இடமில்லை.
3. முடிவெடுக்காமல் இருப்பதும், விளக்கமற்ற தாமதமும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டவை.
4. கொலைக் குற்றத்தில் கருணை காட்டும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டுமே என்ற வாதம் ஏற்கத்தக்கதல்ல.

ஆளுநரிடமே திருப்பி அனுப்பியிருக்கலாம். இவ்வளவு காலம் ஆன பிறகு அது பொருத்தமில்லை என்று, 142-வது பிரிவின் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி நீதிமன்றமே அவரை விடுவித்தது. 19 வயதில் கைதானவர் 30 ஆண்டுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார். நவம்பர் 11 அன்று மற்ற ஆறு பேரும் விடுதலையானார்கள். கடைசியில் விடுவித்தது குடியரசுத் தலைவரும் அல்ல, ஆளுநரும் அல்ல.

இலங்கையிலும் அமெரிக்காவிலும்

அமெரிக்க அதிபர் கூட்டாட்சிக் குற்றங்களுக்கு யாருடைய ஆலோசனைக்கும் கட்டுப்படாமல் மன்னிக்கலாம். மனுக்களைப் பரிசீலிக்க நீதித்துறையில் தனி அலுவலகம் இருந்தாலும் அதன் வழியேதான் போக வேண்டும் என்றில்லை. 2024 டிசம்பரில் ஜோ பைடன் தன் மகனை மன்னித்தார். 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற கையோடு டொனால்ட் டிரம்ப், அமெரிக்க நாடாளுமன்றத் தாக்குதல் வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு அளித்தார். அந்தச் செய்திகளைப் படித்த கையோடு நம் குடியரசுத் தலைவரிடமும் அதே அதிகாரத்தை எதிர்பார்ப்பதில்தான் பல குழப்பங்கள் தொடங்குகின்றன.

இலங்கை அரசியலமைப்பின் 34-வது உறுப்புரை நடுவில் நிற்கிறது. மரண தண்டனை என்றால், வழக்கை விசாரித்த நீதிபதியிடம் ஜனாதிபதி அறிக்கை கேட்க வேண்டும். அது சட்டமா அதிபரின் (அட்டர்னி ஜெனரல்) ஆலோசனைக்கும், பிறகு நீதி அமைச்சரின் பரிந்துரைக்கும் போக வேண்டும். இந்தப் படிகள் என்ன காப்பாற்றும் என்பதற்கு யாழ்ப்பாணத்து மிருசுவில் சாட்சி. 2000 டிசம்பரில் அங்கே குழந்தை உட்பட எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்ட வழக்கில் ராணுவ சார்ஜன்ட் ஒருவருக்கு 2015-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கின் நடுவே, அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்தார்.

பின்னர் இலங்கை உச்ச நீதிமன்றம் இந்த அதிகாரத்தின் மீது கை வைக்கத் தொடங்கியது. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2021-இல் கோட்டாபய அளித்த மன்னிப்பை 2024 ஜனவரியில் ரத்து செய்தது. ரோயல் பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த கொலையின் குற்றவாளிக்கு, கோட்டாபயவுக்கு முன் ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன தன் பதவிக் காலத்தின் கடைசி நாட்களில், 2019 நவம்பரில், அளித்த மன்னிப்பும் 2024 ஜூனில் செல்லாததானது.

நிராகரித்த பிறகு நீதிமன்றம் போகலாமா?

இந்தியாவில் இதுவரையான பதில்: போகலாம், ஆனால் குறுகிய வழியில். முடிவு சரியா தவறா என்று நீதிமன்றம் பார்க்காது. எப்படி எடுக்கப்பட்டது என்று பார்க்கும். முக்கிய ஆவணம் மறைக்கப்பட்டதா, சம்பந்தமில்லாத காரணம் நுழைந்ததா, தன்னிச்சையா, கெட்ட நோக்கமா என்பவை 2006-இன் ஏபுரு சுதாகர் வழக்கு வகுத்த காரணங்கள். ஆந்திர ஆளுநர் காட்டிய கருணை அந்த வழக்கில் ரத்தானது. ஆக, இந்த ஆய்வு கைதிக்குச் சாதகமாக மட்டும் வேலை செய்வதில்லை.

புதிய சட்டத்தின் 472-வது பிரிவின் ஏழாவது உட்பிரிவு இதில் ஒரு சுவர் எழுப்பப் பார்க்கிறது. குடியரசுத் தலைவர், ஆளுநர் உத்தரவே இறுதியானது. அவர்கள் அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்கிறது. சத்ருகன் சௌகான், ஏபுரு சுதாகர், பேரறிவாளன் ஆகிய மூன்று தீர்ப்புகளும் நின்றது ‘எப்படி வந்தார்கள்’ என்ற அந்தக் கேள்வியில்தான். ஆனால் 32, 226-வது பிரிவுகளின் கீழ் உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் இருப்பது அரசியலமைப்புச் சட்டம் நேரடியாகக் கொடுத்த அதிகாரம். நீதிமன்ற ஆய்வு அதன் அடிப்படைக் கட்டமைப்பின் பகுதி என்று 1997-இல் சந்திரகுமார் வழக்கில் ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்திருக்கிறார்கள். சாதாரணச் சட்டம் ஒன்று அதைப் பறிக்க முடியாது என்பதே வலுவான வாதம்.

ஒவ்வொரு நிலையத்துக்கும் நேரம் குறித்துவிட்டுக் கடைசி நிலையத்தை வெறுமையாக விட்ட ரயில் அட்டவணை போலத்தான் அந்தப் பிரிவு இருக்கிறது. கைதிக்கு 30 நாள், அடுத்த மனுவுக்கு 60 நாள், அமைச்சகத்துக்கு 60 நாள், தகவல் சொல்ல 48 மணி நேரம். மாநில அரசு தன் கருத்தை அனுப்பவும், குடியரசுத் தலைவர் முடிவெடுக்கவும் கெடு எதுவும் இல்லை. ராஜோனாவின் தூக்கைத் தாமதத்துக்காகக் குறைக்க 2023 மே மாதத்தில் மறுத்த உச்ச நீதிமன்றம், உரிய அதிகாரியே தக்க நேரத்தில் முடிவெடுக்கட்டும் என்றது. அந்த மனுவுக்கு அப்போதே வயது 11.